மாட்சிமை யாருக்கு உரியது?

ரோம் குடியரசாக இருந்த காலத்தில் ‘மாயெஸ்டாஸ்’ என்ற லத்தீன் சொல் எவருக்கும் பட்டமாகச் சூட்டப்படவில்லை. மாட்சிமை என்று நாம் சொல்லும் அந்தப் பெருமை தெய்வங்களுக்கு உண்டு. அரசியலில் அது ரோமானிய மக்களுக்கு உரியது. கி.மு. 189இல் தோற்றுப்போன கிரேக்க ஏட்டோலியர்கள், ரோமானிய மக்களின் அதிகாரத்தையும் மாட்சிமையையும் போற்றிக் காப்போம் என்று ஒப்பந்தத்தில் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. வென்றவர்கள் தோற்றவர்கள்மேல் சுமத்திய பாரம்தான் அது. ஆனாலும் அங்கே மன்னன் பெயர் இல்லை, மக்களின் பெயரே இருந்தது.

அந்த மாட்சிமையைக் குறைப்பது குற்றம் என்று சட்டம் வந்தபோது, அதன் பார்வை பதவியில் இருந்தவர்கள் மேலேயே விழுந்தது. கி.மு. 105இல் இன்றைய தெற்கு பிரான்சில் உள்ள அராவ்சியோவில் தளபதிகளின் பூசலால் ரோமானியப் படை அழிந்தது. மக்கள் கொதித்தார்கள். அந்தச் சூழலில்தான் மக்கள் பிரதிநிதி (ட்ரிபியூன்) சதுர்னினுஸ் மாயெஸ்டாஸ் சட்டத்தைக் கொண்டுவந்தார். மக்கள் கொடுத்த அதிகாரத்தைக் கெடுத்தவன் மக்களுக்கே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

பேரரசர்கள் வந்ததும் சட்டம் திசை மாறியது. மக்களின் மாட்சிமை ஒரே மனிதனின் உடலில் குடியேறியது. அகஸ்டஸ் காலத்தில் எழுத்தும் குற்றமாயிற்று. திபேரியுஸ் ஆட்சியில், கி.பி. 25இல், கிரெமுத்தியுஸ் கோர்துஸ் என்ற வரலாற்றாசிரியர் செனட் முன் நிறுத்தப்பட்டார். சீசரைக் கொன்ற புரூட்டஸைப் புகழ்ந்து, அவனது கூட்டாளி காசியுஸைக் கடைசி ரோமானியன் என்று எழுதியதே அவர் செய்த குற்றம். அவர் உண்ணாமல் கிடந்து உயிர்விட்டார். நூல்களை எரிக்கச் சொன்னது செனட். ஒளித்து வைக்கப்பட்ட பிரதிகள் தப்பின. குற்றம் நிரூபணமானால் தண்டிக்கப்பட்டவரின் சொத்தில் கால் பங்கு, காட்டிக்கொடுத்தவருக்குப் போகும். அண்டை வீட்டாரின் பேச்சைக் காசாக்க வழி திறந்ததும் அச்சம் ஊரெங்கும் பரவியது.

ஐரோப்பிய மன்னர்கள் இந்தச் சொல்லையும் குற்றத்தையும் சேர்த்தே சுவீகரித்துக்கொண்டார்கள். கடல் கடந்து நம் மண்ணுக்கும் அது வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் ராஜதுரோகச் சட்டப் பிரிவான 124ஏ, ‘மாட்சிமை தங்கிய அரசி’ மீது வெறுப்பை வளர்ப்பதைக் குற்றமாக்கியது. 1908இல் வ.உ. சிதம்பரனார்மீது அந்தப் பிரிவே பாய்ந்தது. இரட்டை ஆயுள் தண்டனையாக நாற்பது ஆண்டுகள் விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைந்தது.

இன்று? ஐரோப்பாவில் அந்தப் பிடி தளர்ந்துவருகிறது. துருக்கி அதிபரைப் பற்றித் தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்ட ஓர் அங்கதக் கவிதையால் 2016இல் ஜெர்மனியில் விவாதம் மூண்டது. வெளிநாட்டுத் தலைவர்களை அவமதிப்பதைத் தனிக் குற்றமாக்கிய பிரிவை அந்நாடு 2018 ஜனவரி 1 முதல் நீக்கியது. நெதர்லாந்தில் மன்னரை இகழ்வதற்கான உச்சத் தண்டனை 2020இல் ஐந்து ஆண்டிலிருந்து நான்கு மாதமாகக் குறைந்தது. மன்னரை இகழ்வதற்கு எதிராக 1847இல் பிறந்த பெல்ஜியச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

தாய்லாந்தில் நிலைமை வேறு. அங்கே குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு, மன்னரை இகழ்ந்த ஒவ்வொரு குற்றத்துக்கும் மூன்று முதல் பதினைந்து ஆண்டுவரை சிறை விதிக்கிறது. அரச குடும்பம்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை, யார் வேண்டுமானாலும் தரலாம். ரோமில் கிடைத்த பரிசுத் தொகை இங்கே இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவர் காதுக்கு அஞ்சிப் பேச வேண்டிய நிலை அதேதான்.

ஆளுகிறவரை மக்களின் கோபத்திலிருந்து காப்பதற்காக இந்தச் சட்டம் பிறக்கவில்லை; ஆளுகிறவரின் பிழையிலிருந்து மக்களைக் காக்கவே பிறந்தது. அதை மறந்த ஒவ்வொரு காலத்திலும் எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும்தான் சிறைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு மாட்சிமை என்று ஒன்று உண்டென்றால், அதன் குடிமக்கள் ஆட்சியாளரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டுவிட்டு, அச்சமின்றி வீடு திரும்ப முடிய வேண்டும்.