ஈரல் ஒன்று, எண் இரண்டு

மாதவரத்தில் ஒருவர் கல்லீரலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் ‘ஏ.டி.சி. 1.41’ என்று வருகிறது. அடுத்த வாரம் வேறு சென்டரில் இன்னொரு ஸ்கேன், இப்போது 1.11. ஒரே வாரத்தில் ஈரல் இவ்வளவு மாறுமா என்று வீட்டில் கலக்கம். உண்மையில் ஈரல் துளியும் மாறாமலிருந்திருக்கலாம். இரண்டு மெஷின்களும் பழுதில்லாமல் ஓடியிருக்கலாம். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஏ.டி.சி. என்பது திசுவுக்குள் நீர் எவ்வளவு எளிதாக விரவுகிறது என்பதன் அளவு. புற்றுக்கட்டிபோலச் செல்கள் நெருக்கியடித்த இடத்தில் அது குறையும். நார் படிந்து இறுகிய ஈரலிலும் குறையும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. ஊசி குத்தி பயாப்சி எடுக்காமலே ஈரலின் நிலையைச் சொல்லிவிட முடியுமா என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் ஆசை. தேவையும் சிறியதல்ல. டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு மதுவோடு தொடர்பில்லாத கொழுப்புக் கல்லீரல் இருந்தது. குடிக்கிறவனுக்குத்தான் ஈரல் கெடும் என்ற பேச்சு வடசென்னையில் இன்னும் ஓயவில்லை. இத்தனை பேருக்கும் ஊசி குத்திப் பார்ப்பது நடக்கிற காரியமா?

மெஷின் இதை அளக்கும் விதம் 1965இல் ஸ்டெஜ்ஸ்கல், டேனர் என்ற இருவர் வகுத்தது. இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப்புலத்தை ஒரு கணம் போட்டு, நீரிலுள்ள ஹைட்ரஜனில் ஒரு அடையாளம் பதிக்கிறார்கள். சில மில்லிவினாடிகள் கழித்து அதே அளவில் எதிர்விளைவு தரும் இன்னொரு துடிப்பு. நின்ற இடத்திலேயே நின்ற மூலக்கூறின் அடையாளம் முழுதாக அழிந்து, சிக்னல் அப்படியே திரும்பும். நகர்ந்துவிட்ட மூலக்கூறுக்குக் கணக்கு நேராகாது; சிக்னல் மங்கும். ஈரலில் 50 மில்லிவினாடியில் நீர் ஒரு திசையில் நகரும் தூரம் ஏறக்குறைய 10 மைக்ரான், ஒரு ஈரல் செல்லின் பாதி அகலம். இந்தத் துடிப்புகள் எவ்வளவு கடுமையானவை என்பதைச் சொல்வது ‘பி’ மதிப்பு. பி ஏற ஏறச் சிக்னல் இறங்கும். எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதிலிருந்து விரவலைக் கணக்கிடுகிறார்கள்.

நகர்வது விரவும் நீர் மட்டும் என்றால் கதை இதோடு முடிந்தது. ஈரலில் அப்படியில்லை. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய கால்பங்கு, ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்புக்குப் போகிறது. அதில் பெரும்பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. உள்ளே நுண்குழாய்கள் எல்லாத் திசையிலும் வளைந்து ஓடுகின்றன. மூலக்கடை சந்திப்பில் நிற்கும் கூட்டத்தில் சிலர் நெரிசலில் ஓரிரண்டு அடி நகர்கிறார்கள், சிலர் ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விடுகிறார்கள். மெஷினுக்கு இரண்டும் ‘நகர்ந்தவர்கள்’தான்.

பிரான்ஸின் டெனி லெ பிஹான் 1980களின் நடுவில் இதைப் பிரித்துப் பார்த்தார். அவர் முதலில் கைவைத்தது ஈரலில்தான்: புற்றுக்கட்டியையும் சாதாரண ரத்தக்குழாய்க் கட்டியையும் பிரித்தறிய முடியுமா என்பது கேள்வி. அந்தக் காலத்து மெஷினில், மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் ஆடும் உறுப்பில், முயற்சி தோற்றது. பிறகு அவர் அசையாத மூளைக்குப் போனார். 1986இல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய இரட்டைச் சரிவு மாதிரி. சிக்னலில் ஒரு பங்கு ரத்தத்தினுடையது, அது மிக வேகமாக விழும். மீதி திசு நீரினுடையது, அது மெதுவாக விழும். மூன்று எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்: ரத்தத்தின் பங்கு, ரத்தத்தின் வேகம், திசு நீரின் உண்மையான விரவல்.

எண்களோடு பார்த்துவிடுவோம். ஆரோக்கியமான ஈரலுக்குப் பொதுவாகக் கிடைக்கும் மதிப்புகளை ஒட்டி, ரத்தத்தின் பங்கு 22 சதவீதம், திசு விரவல் 1.1, ரத்தத்தினுடையது 70 என்று வைப்போம். (அலகு: வினாடிக்குச் சதுர மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பி சுழியில் சிக்னல் 100 என்றால், பி 50இல் அது 75 ஆகிவிடும். விழுந்த 25இல் 21 ரத்தம், 4 மட்டுமே திசு. பி 800இல் மிஞ்சுவது 32. சுழியையும் 800ஐயும் மட்டும் எடுத்து ஒற்றைக் கோடு போட்டால் விடை 1.41. 50ஐயும் 800ஐயும் எடுத்தால் 1.11. மாதவரத்து ரிப்போர்ட்டுகளில் நான் வைத்த எண்கள் இவைதான்.

கசாப்புக் கடையில் வாங்கிய ஆட்டு ஈரலை மெஷினுக்குள் வைத்தால் அந்த முதல் செங்குத்து வீழ்ச்சி இருக்காது. ரத்தம் நின்றுவிட்டதே.

சிக்கல் எங்கே கடிக்கிறது என்பது 2008இல் தெரிந்தது. பாரிஸை அடுத்த ஆன்ரி மொன்டோர் மருத்துவமனையில் லூசியானி குழுவினர் சிரோசிஸ் (ஈரல் நார் படிந்து இறுகும் நோய்) உள்ளவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். சிரோசிஸ் ஈரலில் ஏ.டி.சி. குறைந்திருந்தது. பிரித்துக் கணக்கிட்டபோது ரத்த ஓட்டத்தின் வேகம் குறைந்திருந்தது. திசு விரவலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதுவரை நாரின் அடர்த்தி நீரைத் தடுக்கிறது என்று வாசித்ததில் ஒரு பகுதி, ரத்தம் மந்தமானதன் நிழல். நம் கணக்கில், வேகத்துக்குப் பதில் பங்கை மாற்றி, இதைப் போன்ற ஒன்றைச் செய்து பார்க்கலாம்: திசுவைத் தொடாமல் ரத்தத்தின் பங்கை மட்டும் 22லிருந்து 12க்கு இறக்கினால், சுழி–800 கணக்கு 1.41லிருந்து 1.26க்கு விழுகிறது, 50–800 கணக்கு அசையவே இல்லை. முதல் கணக்கு நோயைப் பிடித்தது, காரணத்தைத் தவறாகச் சொன்னது. இரண்டாவதோ ஒன்றும் பார்க்கவில்லை.

அப்படியானால் எல்லோரும் இரட்டைச் சரிவு மாதிரியையே போடலாமே? போடலாம், நேரம் கூடும். பத்துப் பன்னிரண்டு பி மதிப்புகளில் படம் எடுக்க வேண்டும், அதுவரை நோயாளி சீராக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். இடது மடலுக்கு மேலே இதயம் துடித்துக்கொண்டிருப்பதால் அங்கே விரவல் செயற்கையாகக் கூடித் தெரியும்; அளவை வலது மடலில்தான் நம்ப முடியும். ஈரல் திசுவின் சிக்னல் ரத்தத்தினுடையதைவிடச் சீக்கிரம் அணைந்துபோகும். சிக்னலைப் பதிவதற்குக் காத்திருக்கும் நேரத்தை நீட்டினால் ரத்தத்தின் பங்கு பெரிதாகிக் காட்டும். இரும்புச்சத்து அதிகம் படிந்த ஈரலில் சிக்னலே எழாது. மூன்று எண்களில் ரத்த வேகம்தான் மகா சண்டி: ஒரே ஆளை இருமுறை அளந்தாலும் எங்கோ போய் நிற்கும். அது தங்கியிருப்பது சிறிய பி மதிப்புகளின் ஓரிரண்டு புள்ளிகளில். அங்கே கொஞ்சம் இரைச்சல் புகுந்தாலும் விடை புரண்டுவிடும்.

இந்தச் சண்டியைக் கட்டிவைக்கத்தான் இப்போது பெரும் முயற்சி. ஐ.ஐ.டி. டெல்லியும் எய்ம்ஸும் சேர்ந்த குழு 2017இல் வெளியிட்ட முறையில், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று விட்டு அதிகம் விலகக் கூடாது என்று கணக்கிலேயே ஒரு அபராதம் வைத்தார்கள். வேறு சிலர் நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுக்கிறார்கள். படம் வழுவழுப்பாகிறது. வழுவழுப்பு எல்லாம் உண்மையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கருவி சொல்லாததைக் கணக்கு ஊகித்து நிரப்பும் இடம் இது.

நோயாளிக்கு உதவும் ஒரு அளவுகோல் இருக்கிறது. வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கத்தின் அளவீட்டுக் குழு வகுத்தபடி, ஈரல் கட்டி ஒன்றின் ஏ.டி.சி. குறைந்தது 26 சதவீதம் மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். மூளைக்கு 11 போதும். அதுவும் அதே மெஷின், அதே முறை என்றால்தான். 1.41க்கும் 1.11க்கும் இடைவெளி 21 சதவீதம். ரிப்போர்ட்டில் எந்த பி மதிப்புகள் என்று அச்சிட ஒரு வரி போதும். அது இல்லாத எண்ணை வேறொரு ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

மெஷின் மேல் சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்கச் செலவு குறைவு. காசிமேட்டில் மீனுக்கு வாங்குகிற ஐஸ் போதும். நொறுக்கிய ஐஸில் தண்ணீர் நிரப்பிய சிறு குழாய் ஒன்றைச் செருகி, உள்ளே சுழி டிகிரி வரும்வரை விட்டு, ஸ்கேன் செய்தால் 1.1 வர வேண்டும். தண்ணீருக்குள் ரத்த ஓட்டம் கிடையாது என்பதால் பி மதிப்பை எப்படித் தேர்ந்தாலும் அதே விடைதான். ஐஸ் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: 20 டிகிரியில் அந்த எண் 2.0, உடம்பின் 37 டிகிரியில் 3.0.