மரச்செக்கில் ஆட்டினால் மட்டும் போதுமா? கடலை எண்ணெயின் தரத்தைத் தீர்மானிப்பவை எவை?

புதுடெல்லி: குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் 'சிங்தேல்' என்று அழைக்கப்படும் கடலை எண்ணெயின் விலை, ஜென்மாஷ்டமி முதல் தீபாவளி வரையிலான பண்டிகைக் காலத்தில் முக்கியச் செய்தியாக இடம்பெறுவது வழக்கம். 15 கிலோ டின் ஒன்றின் விலை உயர்ந்தால், அது அங்குள்ள குடும்பங்களின் மாதச் செலவை நேரடியாகப் பாதிக்கும். நிலக்கடலை உற்பத்தியில் குஜராத் முதலிடம் வகித்தாலும், ராஜஸ்தான், ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களிலும் இப்பயிர் பரவலாகச் சாகுபடி செய்யப்படுகிறது. மரச்செக்கு எண்ணெய்க்கு வரவேற்பு பெருகியுள்ள நிலையில், அது எல்லா வகையிலும் பாதுகாப்பானதுதானா என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

எண்ணெயில் என்ன இருக்கிறது?

நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய்தான். இதில் ஒலிக் அமிலம் எனப்படும் ஒற்றை நிறைவுறா கொழுப்பு அமிலமே அதிகம். அதற்கு அடுத்த இடத்தில் லினோலிக் அமிலம் உள்ளது. நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். வைட்டமின் ஈ குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. ஆனால் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் ஏறக்குறைய இல்லை என்றே கூறலாம். எனவே கடலை எண்ணெயை மட்டுமே நம்பியிராமல், கடுகு எண்ணெய், சோயா எண்ணெய் போன்றவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாட்டிலில் அச்சிடப்பட்டிருப்பதில் தனிச்சிறப்பு ஏதுமில்லை. தாவர எண்ணெய்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். அதேவேளையில், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உள்ளது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

செக்கு எண்ணெயும் ரீஃபைண்ட் எண்ணெயும்

செக்கில் ஆட்டி வடிகட்டப்படும் எண்ணெயில் கடலையின் மணமும் சுவையும் அப்படியே இருக்கும். ஆனால் இது சுமார் 160 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலேயே புகையத் தொடங்கலாம். காரம் சேர்த்தல், நிறம் நீக்குதல், மணம் நீக்குதல் ஆகிய நிலைகளைக் கடந்து வரும் ரீஃபைண்ட் எண்ணெய், சுமார் 230 டிகிரி வரை வெப்பத்தைத் தாங்கும். எனவே தாளிப்பு, பொடிக்கு ஊற்றிக்கொள்வது, ஊறுகாய் ஆகியவற்றுக்குச் செக்கு எண்ணெயும், அதிக வெப்பத்தில் பொரிப்பதற்கு ரீஃபைண்ட் எண்ணெயும் ஏற்றவை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மர்மமான முறையில் இறந்தன. அவற்றுக்குத் தீவனமாக அளிக்கப்பட்ட கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அஃப்ளடாக்சின் என்று பெயரிடப்பட்ட இந்த நச்சு, மனிதர்களுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

அறுவடைக்குப் பிறகு சரியாக உலர்த்தப்படாத, ஈரத்தில் சேமிக்கப்பட்ட கடலையில் இப்பூஞ்சை எளிதில் வளரும். சமையலின் வெப்பத்தில் நச்சு முழுமையாக அழிவதில்லை. கடலையை ஆட்டும்போது இதில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிட்டாலும், ஒரு பகுதி எண்ணெயிலும் கலக்கும். சுத்திகரிப்பின்போது இந்த நச்சு பெருமளவு நீங்கிவிடுகிறது. செக்கு எண்ணெயில் அந்த வாய்ப்பு இல்லை என்பதால், ஆட்டுவதற்கு முன் சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த பருப்புகளைப் பொறுக்கி அகற்றுவது இன்றியமையாதது. அதாவது, செக்கு எண்ணெயின் பாதுகாப்பு செக்கைப் பொறுத்தது அல்ல. அதில் இடப்படும் கடலையைப் பொறுத்தது.

கடலை ஒவ்வாமை உள்ளவர்களும் செக்கு எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் அதில் எஞ்சியிருக்கக் கூடும். ரீஃபைண்ட் எண்ணெயையும் மருத்துவரின் ஆலோசனைக்குப் பிறகே பயன்படுத்த வேண்டும்.

மீண்டும் மீண்டும் காய்ச்சலாமா?

ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது தீங்கு விளைவிக்கும் சேர்மங்கள் உருவாகின்றன. இத்தகைய மொத்த போலார் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்த, 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தடை விதித்துள்ளது. வீடுகளில் இதை அளக்க இயலாது. எண்ணெய் கருத்துப்போனாலோ, நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ அதைக் கைவிடுவதே நல்லது.

புதிய ரகங்கள்

ஒலிக் அமிலம் கூடுதலாக இருந்தால் எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடிக்காது. இதைக் கருத்தில் கொண்டு, ஜூனாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலக்கடலை ஆராய்ச்சி மையம், கிர்னார்-4, கிர்னார்-5 ஆகிய ரகங்களை உருவாக்கியது. 2020 அக்டோபரில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த 17 செறிவூட்டப்பட்ட பயிர் ரகங்களில் இவ்விரண்டும் அடங்கும். இவற்றின் எண்ணெயில் ஒலிக் அமிலம் சுமார் 80 சதவீதம் உள்ளது. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதியை நம்பியுள்ள இந்தியாவுக்கு, இத்தகைய உள்நாட்டு ரகங்கள் முக்கியமானவை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சில்லறையாக அளந்து விற்கப்படும் எண்ணெயில் கலப்படத்துக்கு வாய்ப்பு அதிகம். முத்திரையிடப்பட்ட பாட்டிலில் உரிம எண், தயாரிப்புத் தேதி, 'கலப்பு எண்ணெய்' என்ற குறிப்பு உள்ளதா என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும். செக்கு எண்ணெயைச் சிறிய அளவில் வாங்கி, வெளிச்சமும் வெப்பமும் படாத இடத்தில் மூடி வைத்து, விரைவில் பயன்படுத்திவிடுவது சிறந்தது. செக்கில் நேரடியாக வாங்குவோர், ஆட்டப்படும் கடலையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.