வைத்தியர் பிள்ளையிடம் கேட்கும்போது யார் பதில் சொல்வது?

இந்தப் பகுதியில் வழக்கமாக ஏதாவது ஒரு நோயைப் பற்றித்தான் எழுதுவோம். இம்முறை, வைத்தியரின் அறைக்குள் போன பின் நம்மவர் குடும்பங்களில் நடக்கும் ஒரு விடயத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். இங்கிலாந்தில் பல வருடங்கள் தாதியாக வேலை செய்ததில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது. ஒரு தாயாக நானும் இதே பிழையைச் செய்திருக்கிறேன்.

பதின்மூன்று வயதுப் பிள்ளையை வயிற்றுவலி என்று ஜீ.பி.யிடம் கூட்டிப் போகிறோம். எப்போதிருந்து வலிக்கிறது என்று வைத்தியர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார். பிள்ளை வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுகிறார். காலையில் சாப்பிடாமல் பாடசாலைக்கு ஓடுவது, இரவிரவாகக் கைத்தொலைபேசி பார்ப்பது எல்லாம் சேர்த்தே சொல்லப்படும். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். பாடசாலையில் யாரோ தொந்தரவு கொடுப்பதால் காலையில் வயிறு பிசைகிறது என்பது அந்த அறையில் வெளிவராமலே போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், அம்மம்மாவுக்கு வருத்தம் என்று போகும் நாளில் அதே பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். அம்மம்மாவின் மலச்சிக்கலையும் மார்புக் கட்டியையும் பற்றி அதுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தன் உடம்பைப் பற்றிப் பேச விடாத பிள்ளையை, பேச வைக்கக் கூடாத இடத்தில் பேச வைக்கிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயது நிரம்பியவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். 16 வயதுக்கு உட்பட்டவர்களின் நிலை 1985இல் பிரபுக்கள் சபையில் தீர்மானிக்கப்பட்டது. விக்டோரியா கில்லிக் என்ற தாயார், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளைகளுக்குக் கருத்தடை ஆலோசனை கொடுக்கக் கூடாது என்று வழக்குத் தொடர்ந்தார். ஒரு நீதிமன்றத்தில் தோற்று, அடுத்ததில் வென்று, கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றுப் போனார். சிகிச்சை என்ன, அதனால் வரக்கூடிய நன்மை தீமை என்ன என்பதைத் தெளிவாக விளங்கிக்கொள்ளும் பிள்ளை தானே சம்மதம் சொல்லலாம் என்பது தீர்ப்பு. இந்தத் தகுதிக்கு இன்றும் 'கில்லிக் தகுதி' என்றே பெயர். எதை எதிர்த்து அந்த அம்மா வழக்காடினாரோ, அதற்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது!

இதைக் கேட்டதும், பிள்ளைகளை எங்கள் கையிலிருந்து பறிக்கிறார்கள் என்று பயப்படத் தேவையில்லை. இந்தத் தகுதி வயதைப் பொறுத்தது மட்டுமல்ல, எடுக்க வேண்டிய முடிவையும் பொறுத்தது. கை முறிவுக்குச் சம்மதம் சொல்லக்கூடிய பிள்ளைக்கு ஒரு பெரிய சத்திரசிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் பக்குவம் இல்லாதிருக்கலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 18 வயதுக்கு உட்பட்டவர் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்தால், அதை நீதிமன்றம் மீறலாம். பெற்றோரையும் கலந்துகொள்ளும்படிதான் வைத்தியர்களும் பிள்ளையிடம் சொல்வார்கள்.

அதேபோல, "அம்மா கொஞ்ச நேரம் வெளியில் இருக்க முடியுமா?" என்று வைத்தியர் கேட்பது உங்களை அவமதிப்பதற்காக அல்ல. மாதவிடாய், மனச்சோர்வு, புகைத்தல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல் போன்றவற்றைப் பெற்றவர் முன்னால் சொல்லப் பல பிள்ளைகளால் முடியாது. பெரிய ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் வைத்தியர் அதை இரகசியமாக வைத்திருக்க மாட்டார். அந்தப் பத்து நிமிடம் வெளியில் இருந்து தேநீர் குடியுங்கள்.

இப்போது பல வீடுகளில் சண்டைக்குக் காரணமாயிருக்கும் ஒரு புதிய விடயத்துக்கு வருகிறேன். முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளின் கையில் ஒரு சிறிய உணரியை ஒட்டி, இரத்தத்தில் சீனியின் அளவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கைத்தொலைபேசியில் பார்க்க முடிகிறது. இந்த வகை நீரிழிவு உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைக் கொடுக்க முன்வர வேண்டும் என்று 2022இல் இங்கு பரிந்துரைக்கப்பட்டது. விரலில் ஊசி குத்திக் குத்தி அழுத காலத்தைக் கண்ட எனக்கு இது பெரிய வரப்பிரசாதமாகவே தெரிகிறது. ஆனால் அதே இலக்கம் அம்மாவின் தொலைபேசிக்கும், அப்பாவின் தொலைபேசிக்கும், சில வீடுகளில் கனடாவில் இருக்கும் மாமியின் தொலைபேசிக்கும் போகிறது. கணித வகுப்பின் நடுவில், "13 காட்டுது, என்ன சாப்பிட்டனி?" என்று செய்தி வந்தால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஒரு பையன் எங்கள் கிளினிக்கில் தயங்கித் தயங்கிச் சொன்னான், நண்பர்களோடு வெளியில் போகும்போது இலக்கம் வீட்டுக்குப் போகாமல் நிறுத்திவிடுவதாக. சீனி இறங்கி மயங்கி விழுந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்காணிப்புக் கூடிக் கூடி, கடைசியில் பாதுகாப்பே இல்லாமல் போய்விட்டது.

அந்தக் குடும்பம் தாதியோடு இருந்து பேசி ஓர் ஒழுங்குக்கு வந்தது. இரவில் சீனி இறங்கினால் அலாரம் பெற்றோருக்கும் அடிக்கும். பாடசாலை நேரத்தில் சீனி ஏறினால் அவனே பார்த்துக்கொள்வான், ஒரு மணித்தியாலம் வரை யாரும் செய்தி அனுப்புவதில்லை. மாமி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். (மாமிக்குக் கோபந்தான்.) அந்த நிபந்தனைகளில் பாதியைச் சொன்னவன் பையன். அதன் பிறகு அவன் நிறுத்தவில்லை.

இதை 18 வயதுக்குத் தள்ளிப்போட முடியாது. சிறுவர் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாறுவதற்கான ஆயத்தம் பிந்தினாலும் 13, 14 வயதில் தொடங்க வேண்டும் என்பது இந்நாட்டு வழிகாட்டல். அதுவரை அம்மாவே பேசி, அம்மாவே மருந்துச் சீட்டு எடுத்து, அம்மாவே நாள் குறித்து வந்தால், பெரியவர் கிளினிக்கில் தனியாகப் போய் இருக்கும் பிள்ளைக்குத் தன் இன்சுலின் அளவே சொல்லத் தெரியாது. பல்கலைக்கழகத்துக்குப் போனதும் கிளினிக்குக்குப் போவதையே விட்டுவிடும் இளைஞர்கள் பலரை நான் அறிவேன்.

முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் இன்னொரு விவாதம். நாம் 'பம்ப்' என்று சொல்லும், அமுக்கி இழுக்கும் வகை மருந்தை வெளியே தள்ளுவதற்குப் பயன்படும் வாயு, கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. தேசிய சுகாதார சேவையின் கரிம வெளியேற்றத்தில் சுமார் 3 சதவீதம் இந்தப் பம்புகளால் வருவது. பாடசாலையில் இதைப் படித்துவிட்டு வரும் பிள்ளை, "எனக்கு வேறு பம்ப் வேண்டும்" என்கிறது. "உலகத்தை நீதான் காப்பாற்றப் போறியோ?" என்று நாம் வாயை அடைத்துவிடுகிறோம். உண்மையில் அது நல்ல கேள்வி. இந்த வாயு இல்லாத, தூளாக உள்ளிழுக்கும் வகைகள் உண்டு. அவற்றை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளால் முடியாது, பதின்ம வயதினர் பலரால் முடியும். தாதியின் முன் இழுத்துக் காட்டினால் பொருந்துமா என்று தெரிந்துவிடும். அத்தோடு, 12 வயதுக்கு மேல் புதிதாக முட்டு என்று கண்டறியப்படுபவர்களுக்கு நீலப் பம்ப் மட்டும் கொடுக்கக் கூடாது என்று 2024இல் வழிகாட்டல் மாறிவிட்டது. ஆகவே மருந்தைப் பற்றி மீண்டும் பேச இது நல்ல தருணம். ஆனால் வைத்தியரைக் கேட்காமல், இருக்கும் பம்பை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. மூச்சு முட்டும்போது கையில் இருப்பதைத்தான் இழுக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் போடும் எச்.பி.வி. தடுப்பூசியும் இப்படித்தான். சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும், நாம் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவோம். 2008இல் பெண்பிள்ளைகளுக்குத் தொடங்கி 2019இலிருந்து ஆண்பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். 2023இலிருந்து பெரும்பாலானோருக்கு ஓர் ஊசி போதும். 12, 13 வயதில் இந்த ஊசிக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருப்பதாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. படிவத்தைப் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். எதற்கு இந்த ஊசி என்று அதுவே உங்களுக்கு விளக்கட்டும். விளக்க முடியாத இடத்தில் இருவருமாகத் தாதியைக் கேட்கலாம்.

அடுத்த முறை வைத்தியரிடம் போகும் முதல்நாள் இரவு, மூன்று கேள்வியைப் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அறைக்குள் போனதும் வைத்தியருக்கு அருகிலுள்ள கதிரையில் பிள்ளையை இருத்திவிட்டு நீங்கள் பின்னால் இருங்கள். பிள்ளை மறந்ததை மட்டும் கடைசியில் சொன்னால் போதும். முதல் தடவை பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்.

அம்மம்மாவின் விடயத்துக்கு, நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வரவேற்பாளரிடம் சொல்லிவிடுங்கள். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் தொலைபேசியில் ஒழுங்கு செய்வார்கள். இதற்குக் கட்டணம் இல்லை, பிள்ளையும் அன்றைக்குப் பாடசாலைக்குப் போகலாம்.