நடுக்குவாதமும் பாறையேற்றப் பயிற்சியும்

நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) உள்ளவர்கள், பயிற்சியாளரின் மேற்பார்வையில் செயற்கைச் சுவரில் கயிற்றுப் பாதுகாப்புடன் ஏறிப் பழகுவது ஓர் உடற்பயிற்சி முறையாகும். இது மருந்துக்கு மாற்று அன்று. மருந்துடன் சேர்த்துச் செய்யப்படுவது.

நோயின் தன்மை

இந்நோயை 1817இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரிவாக விவரித்தார். நடுமூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாக அழிவதால் இது உண்டாகிறது. கை கால் நடுக்கம், தசை இறுக்கம், அசைவுகளில் மந்தம், உடல் முன்னோக்கிக் கூனுதல், நிலைதடுமாற்றம் ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

நடப்பது, நாற்காலியிலிருந்து எழுவது போன்றவற்றை நாம் யோசிக்காமலேயே செய்கிறோம். இவ்வாறு தானாக நிகழும் அசைவுகளே இந்நோயில் முதலில் தடைப்படுகின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் இலக்கு ஒன்று இருந்தால் அசைவு எளிதாகிறது. நடையில் கால் உறைந்து நிற்பவர்கள் சிலர், தரையில் கோடுகள் வரைந்திருந்தால் அவற்றைத் தாண்டி நடந்துவிடுவார்கள்.

சுவர் எவ்வாறு உதவுகிறது

ஏறும் சுவரில் பல வண்ணப் பிடிகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிடியும் தரையில் வரைந்த கோட்டைப் போன்ற ஓர் இலக்கு. அடுத்த பிடியைப் பார்த்து, உடல் எடையை ஒரு காலுக்கு மாற்றி, கையை நீட்டிப் பற்ற வேண்டும். இதனால் பெரிய அசைவுகளும் சமநிலையும் கவனமும் ஒருங்கே பயிற்சி பெறுகின்றன. மேலே நோக்கிக் கை நீட்டுவது, கூனும் முதுகை நிமிர்த்தவும் வாய்ப்பளிக்கிறது.

ஆய்வுச் சான்று

வியன்னா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதில் முன்பு ஏறிப் பழக்கமில்லாத 48 நோயாளிகள் பங்கேற்றனர். சராசரி வயது 64. ஒரு பிரிவினர் 12 வாரங்கள், வாரம் 90 நிமிடம் சுவர் ஏறினர். மற்றவர்கள் மேற்பார்வையின்றி உடற்பயிற்சி செய்தனர். நோயின் இயக்க அறிகுறிகளை அளக்கும் அளவுகோலில் ஏறியவர்களின் மதிப்பெண் சராசரியாக 12.9 புள்ளிகள் குறைந்தது. இந்த அளவுகோலில் மதிப்பெண் குறைவது முன்னேற்றத்தைக் குறிக்கும். மற்றப் பிரிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இம்முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். பங்கேற்றவர்கள் குறைவு; நோய் நடுத்தர நிலையில் இருந்தவர்கள். ஒரு பிரிவுக்கு மட்டுமே பயிற்சியாளர் இருந்தார் என்பதால், பலனில் எவ்வளவு சுவரால் வந்தது, எவ்வளவு மேற்பார்வையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. அறிகுறிகள் குறைவது வேறு, நோய் நிற்பது வேறு. செல்கள் அழிவதை இப்பயிற்சி தடுக்கும் என்று இந்த ஆய்வு கூறவில்லை.

பாதுகாப்பு

அடிக்கடி தடுமாறி விழும் ஒருவரைச் சுவரில் ஏற்றுவது ஆபத்தாகத் தோன்றலாம். ஆனால் ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு சுவரின் உச்சி வழியாகக் கீழிறங்கும். அதன் மறுமுனையைத் தரையில் நிற்பவர் இறுக்கிப் பிடித்திருப்பார். பிடி நழுவினால் கயிற்றில் தொங்குவார், தரையில் விழமாட்டார். சுவரை நோக்கி நடக்கும்போதும் துணை தேவை.

தொடங்கும் முன் நரம்பியல் மருத்துவரிடம் ஒப்புதல் பெற வேண்டும். எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் குறைபவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், இதய நோயாளிகள் ஆகியோருக்குத் தனிக் கவனம் வேண்டும். மருந்து நன்கு வேலைசெய்யும் நேரத்தில் பயிற்சி செய்வது நல்லது. கயிறின்றியோ, வெளிப்புறப் பாறையிலோ தாமாக முயலக் கூடாது.