வீடு திரும்பும் முன் ஒரு பழைய அறை

வீடு திரும்பும் தேதியை நாங்கள் சொன்னவுடன் பல குடும்பங்களில் வண்ணம் பூசுபவருக்குத் தகவல் போகிறது. நோயாளி வந்து சேர்வதற்குள் அவருடைய படுக்கையறையைப் புதிதாக்கிவிட வேண்டும் என்று பிள்ளைகள் விரும்புகின்றனர். அந்த விருப்பத்தில் உள்ள அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் பழைய வீடுகளில், நல்லெண்ணத்துடன் செய்யப்படும் மாற்றங்களே சில வேளைகளில் நோயாளியை மீண்டும் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன.

எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார். காவிரிக்கரை ஊர் ஒன்றில், மூன்று தலைமுறை கண்ட ஓட்டு வீடு. மகனும் மருமகளும் அறைக்கு இளநீல வண்ணம் பூசி, பளபளப்பான தரை ஓடு பதித்து, புதிய கட்டில் வாங்கி, அதை எதிர்ப்பக்கச் சுவரோரம் போட்டிருந்தனர். பழைய தேக்கு அலமாரி பின்கட்டுக்குச் சென்றுவிட்டது. மூன்றாம் நாள் இரவு அவர் விழித்தெழுந்தார். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில், பற்றிக்கொள்வதற்காக அலமாரியை நோக்கிக் கை நீட்டினார். அங்கே அலமாரி இல்லை. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அறை அழகாகத்தான் இருந்தது என்றும், ஆனால் இருட்டில் அது தம்முடைய அறையாக இல்லை என்றும் அவர் பின்னர் எங்களிடம் கூறினார்.

அன்று முதல், வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பத்தினரிடமும் நாங்கள் இதைச் சொல்லி வருகிறோம்: காலும் கையும் படும் இடங்களைச் சீர்செய்யுங்கள், கண்ணும் நினைவும் பழகிய இடங்களை இயன்றவரை அப்படியே விட்டுவையுங்கள். இக்கட்டுரை அதன் விரிவே ஆகும்.

முதலில் எந்த அறை?

பழைய வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் அமைந்திருக்கும். படுக்கையறையிலிருந்து கூடம், தாழ்வாரம், முற்றத்தின் ஓரம், இரண்டு படிகள் என்று கடந்து செல்ல வேண்டியிருக்கலாம். நோயாளி இரவில் இவ்வழியை எத்தனை முறை கடக்க வேண்டியிருக்கும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். கழிப்பறைக்கு அருகில் உள்ள சிறிய அறையே, வீட்டின் பெரிய அறையைவிட அவருக்கு உகந்ததாக இருக்கக்கூடும். தம் பழைய அறையிலேயே இருக்க அவர் விரும்பினால், கட்டிலருகே வைக்கத்தக்க கழிப்பிருக்கை ஒன்றை ஏற்பாடு செய்யலாம்.

இந்த முடிவை நோயாளியைக் கேட்டே எடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும், பேச்சுத் தடைப்பட்டவரும்கூடத் தம் விருப்பத்தைத் தலையசைத்தாவது தெரிவிக்க இயலும். நோயினால் பலவற்றின் மீதும் கட்டுப்பாட்டை இழந்தவருக்கு, தம் அறையைப் பற்றித் தாமே முடிவு செய்வது பெரிய ஆறுதலைத் தரும்.

நிலைப்படியும் கதவும்

பழைய வீட்டில் அறைதோறும் நிலைப்படி உண்டு. அதைத் தாண்டுவது நோயாளியின் கால்களுக்கு மனப்பாடம். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின்போ பக்கவாதத்திற்குப் பின்போ கால் முன்புபோல் உயர்வதில்லை. பழகிய படி என்பதாலேயே அங்கு கவனம் தவறுகிறது.

நிலைப்படியை வெட்டி எடுக்கப் பலருக்கு மனம் ஒப்புவதில்லை; வெட்டத் தேவையும் இல்லை. இரு பக்கமும் மரத்தாலான சரிவுப் பலகைகளை அமைக்கலாம். 1 அங்குல உயரத்திற்கு 1 அடி நீளம் என்பது சரிவுக்குரிய கணக்கு. நிலைப்படி 4 அங்குலம் எனில் பலகை 4 அடி நீளம் இருக்க வேண்டும். குறுகிய, செங்குத்தான பலகை படியைவிட ஆபத்தானது. ஊன்றுகோலுடன் நடப்பவருக்குச் சரிவு தேவையா, அல்லது நிலைப்படியில் பளிச்சென்ற வண்ணக் கோடும் பக்கத்தில் ஒரு பிடிமானமும் போதுமா என்பதை எங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சக்கர நாற்காலிகள் பெரும்பாலும் 24 முதல் 27 அங்குலம் வரை அகலமுள்ளவை. கைகள் உரசாமல் சென்றுவர, கதவு திறந்த நிலையில் 32 அங்குல இடைவெளி வேண்டும். இரட்டைக் கதவுகளில் ஒன்றை மட்டும் திறந்து வைக்கும் வழக்கம் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

தரை

சிமெண்டில் காவி கலந்து மெழுகிய சிவப்புத் தரையும், செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்களும் காலுக்குக் குளிர்ச்சியானவை. காலப்போக்கில் வழுவழுப்பாகும் இயல்புள்ளவை. மெருகேற்றுவதற்காக இவற்றைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கத்தை நோயாளி இருக்கும் அறையில் கைவிட வேண்டும். இத்தரைகளைப் பெயர்த்துவிட்டுப் பளபளப்பான ஓடு பதிப்பதால் எந்த நன்மையும் இல்லை. நீர் பட்டால் அது இன்னும் வழுக்கும்.

மடங்கி நிற்கும் கம்பளம், நழுவும் கால்மிதி, நடைவழியில் கிடக்கும் மின்கம்பி ஆகியவற்றை அகற்றுங்கள். நினைவுத்திறன் குறைந்தவர்களுக்குக் கருநிறக் கால்மிதி ஒரு பள்ளமாகத் தோன்றக்கூடும். அதைக் கடக்க அவர்கள் அஞ்சித் தயங்குவர்.

கட்டில்

நோயாளியைக் கட்டிலின் ஓரத்தில் அமரச் செய்து பாருங்கள். பாதம் முழுவதும் தரையில் படிந்து, முழங்கால் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்தால் உயரம் சரியானது. பெரும்பாலோருக்கு இது மெத்தையுடன் சேர்த்து 18 முதல் 20 அங்குலம் வரை அமையும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி கட்டில் அமைய வேண்டும். பழைய தேக்குக் கட்டில்கள் பல இதைவிட உயரமானவை. கயிற்றுக் கட்டில்களோ தாழ்ந்து தொய்பவை. இலவம்பஞ்சு மெத்தை அமரும்போது அமிழ்ந்துவிடும் என்பதால், அமர்ந்த நிலையிலேயே அளவெடுங்கள்.

இறங்கும் பக்கத்தில் 3 அடி இடம் விடுங்கள். இயன்றவரை கட்டிலைப் பழைய இடத்திலேயே, பழைய திசையிலேயே போடுங்கள். பக்கவாதம் வந்தவர் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். அதை நாங்கள் உங்களுக்குத் தனியே சொல்லித் தருவோம்.

சுவரும் வண்ணமும்

பழைய கதவு, சன்னல், நிலை ஆகியவற்றில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் எனாமல் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு 10 லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வண்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டினாலோ உப்புத்தாள் கொண்டு தேய்த்தாலோ எழும் தூசி, அனைவருக்கும் தீங்கானது. சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மிகவும் தீங்கானது. உரியாமல் உறுதியாக இருக்கும் வண்ணத்தைக் கழுவி, அதன் மேலேயே புதிய பூச்சு பூசலாம். உரிந்திருந்தால் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நெருப்பால் சுட்டு எடுக்க வேண்டாம். வேலை முடிந்தபின் பெருக்காமல், ஈரத்துணியால் பலமுறை துடையுங்கள்.

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியிடும் இயல்புடையவை. அவற்றின் மேல் பட்டி பூசி, பிளாஸ்டிக் வண்ணம் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். சில மாதங்களில் பூச்சு கொப்பளித்து உதிரும்; பூஞ்சையும் படரும். எனவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து, உடைந்த ஓட்டையும் ஒழுகும் குழாயையும் சரிசெய்யுங்கள். அத்தகைய சுவர்களுக்குப் பசை சேர்த்த சுண்ணாம்பு வெள்ளையே இன்றும் ஏற்றது. பூசும்போது அது கண்ணில் பட்டால் கண்ணைப் புண்ணாக்கும். ஆகவே பூசுபவர் கண்ணாடி அணிய வேண்டும்.

பூச்சு வேலை அனைத்தையும் நோயாளி வருவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக முடித்து, சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் வண்ணத்தின் நெடி மூச்சுத் திணறலைத் தூண்டும். புற்றுநோய்க்கான மருந்து பெறுவோரும், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும் இடிக்கும் வேலையோ சுரண்டும் வேலையோ நடக்கும் வீட்டில் இருக்கவே கூடாது. பழைய சுவரிலிருந்து கிளம்பும் பூஞ்சை நுண்துகள்கள் அவர்களுடைய நுரையீரலில் கடுமையான தொற்றை உண்டாக்கலாம். வேலையைத் தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

முதியோரின் கண்வில்லை வயதாக ஆக மஞ்சளிப்பதால், நீலச் சாயைகள் அவர்களுக்கு மங்கலாகத் தெரியும். எந்த வண்ணத்தைத் தேர்ந்தாலும் சுவரும் தரையும் கதவும் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாக வேறுபடட்டும்.

கைப்பிடிக் கம்பிகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளையிட்டு முடுக்கிய திருகாணி, ஒருவரின் உடல் எடையைத் தாங்காது. காற்றழுத்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கம்பிகளை நம்பவே கூடாது. சுவரை ஊடுருவி மறுபுறம் தகடு வைத்து முடுக்கலாம். அல்லது தரையில் நிற்கும் பிடிச்சட்டத்தைப் பயன்படுத்தலாம். நோயாளி பிடிக்கும் முன், உடல்நலமுள்ள ஒருவர் தம் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள்.

ஒளியும் மின்சாரமும்

படுத்தபடியே கைக்கு எட்டும் தொலைவில் ஒரு விளக்கு விசை வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் மெல்லிய ஒளி இருக்க வேண்டும். பழைய வீட்டுச் சுவரில் உள்ள விளக்கு மாடம் இதற்கென்றே அமைந்தது போன்றது. அதில் மின்கலத்தால் எரியும் சிறு விளக்கை வைக்கலாம். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோரின் அருகில் எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதையும் ஏற்ற வேண்டாம். நெருப்பு குறைந்தது 10 அடி தள்ளியே இருக்கட்டும். அறையில் எவரும் புகைபிடிக்கக் கூடாது.

காற்று மெத்தை, ஆக்சிஜன் கருவி முதலியவற்றுக்கு நில இணைப்புள்ள மூன்று துளைச் செருகி வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. மின்பணியாளரை அழைத்துச் சரிபார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்தச் செய்யுங்கள். வண்ணத்திற்கு ஒதுக்கிய தொகை குறைந்தாலும், இச்செலவைக் குறைக்க வேண்டாம்.

விட்டுவைக்க வேண்டியவை

சுவரில் உள்ள பழைய நிழற்படங்கள், நாள்காட்டி மாட்டும் ஆணி, கடிகாரம், சன்னலோர நாற்காலி, கைபட்டுத் தேய்ந்த அலமாரி ஆகியவை அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அலமாரி ஆடினால் சுவரோடு சேர்த்துப் பொருத்துங்கள். நாள்தோறும் எடுக்கும் பொருள்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அடுக்குங்கள். நினைவு தடுமாறும் ஒருவருக்கு, இந்தப் பழைய பொருள்களே அது காலையா மாலையா, தாம் இருப்பது எங்கே என்பதை நினைவூட்டுகின்றன.

எங்களிடம் வரும்போது

வீடு திரும்பும் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே நான்கு அளவுகளைக் குறித்து வாருங்கள்: கதவின் திறந்த அகலம், நிலைப்படியின் உயரம், மெத்தையுடன் கட்டிலின் உயரம், கட்டிலிலிருந்து கழிப்பறை வரையுள்ள தொலைவு. கைபேசியில் அறையின் படங்களையும், கழிப்பறைக்குச் செல்லும் வழியின் படங்களையும் எடுத்து வந்தால், நோயாளியையும் உடன் வைத்துக்கொண்டு நாம் சேர்ந்து திட்டமிடலாம்.

மேலே சொன்ன அம்மையார் இரண்டாம் முறை வீடு திரும்பியபோது, என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே சொன்னார். கட்டில் பழைய இடத்திற்கு வந்தது. அதன் கால்கள் இரண்டு அங்குலம் குறைக்கப்பட்டன. அலமாரி திரும்பி வந்து சுவரோடு பொருத்தப்பட்டது. பளபளக்கும் ஓட்டின் மேல், கட்டிலிலிருந்து கதவு வரை வழுக்காத விரிப்பு ஒட்டப்பட்டது. நிலைப்படிக்கு இருபுறமும் பலகை வந்தது. மாடத்தில் சிறு விளக்கு வந்தது. இளநீலச் சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. மகன் ஆசையாகப் பூசியது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.