‘தி எக்ஸார்சிஸ்ட்’: பார்த்தவர்கள் சொல்வதும் படம் சொல்வதும்



பேய்ப் படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ என்ற பெயர் வராமல் இருப்பதில்லை. வெளியாகி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் நம் இளையோர் அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, “சாமி, இதெல்லாம் உண்மையா? நம்ம கோயிலிலும் இப்படிச் செய்வார்களா?” என்று கேட்கிறார்கள்.

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்குக் கத்தோலிக்கக் குருக்கள் பேயோட்டினார்கள் என்ற செய்தி 1949-ல் நாளிதழில் வந்தது. இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த வில்லியம் பீட்டர் பிளாட்டி அதைப் படித்தார். சிறுவனை ரீகன் என்ற 12 வயதுச் சிறுமியாக்கி, 1971-ல் நாவலாக வெளியிட்டார். வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய படம் 1973 டிசம்பர் 26 அன்று திரைக்கு வந்தது. ஆகவே இது ஒரு செய்தியிலிருந்து பிறந்த புனைகதையே.

பார்த்தவர்கள் பலவிதமாகப் பேசினார்கள். அரங்குகளில் சிலர் மயங்கி விழுந்தார்கள், சிலர் பாதியில் எழுந்து ஓடினார்கள். பின்னாளில் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. சிறுமி கக்கும் பச்சை வாந்தி பட்டாணிக் கஞ்சிதான் என்று தெரிந்தபின் யாருக்குத்தான் சிரிப்பு வராது! இன்னும் சிலர், “படம் மெதுவாகப் போகிறது, பாதி நேரம் ஆஸ்பத்திரியிலேயே கழிகிறது” என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்.

இந்தக் கடைசிக் குறையைச் சற்று நின்று பார்ப்போம். ரீகனின் தாய் முதலில் குருவைத் தேடவில்லை, மருத்துவர்களைத்தான் தேடுகிறாள். மூளைப் பரிசோதனைகள் நடக்கின்றன, மனநல மருத்துவர்கள் வருகிறார்கள். கடைசியாக அவள் அணுகும் அருட்தந்தை கராஸும் மனநல மருத்துவரே. பேயோட்டுதலா, அதெல்லாம் பழங்காலத்துக் காரியம் என்று அவர் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார். குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளிக்கிறார். சிறுமி துடிக்கிறாள், அவருடைய சந்தேகம் வலுக்கிறது. பிறகும் ஆயரின் அனுமதி பெற்றே காரியம் நடக்கிறது. பார்த்தவர்கள் தலை சுழலும் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் மறந்துவிட்டார்கள்.

திருச்சபையின் ஒழுங்கும் இதுவே. தலத்திருச்சபை ஆயரின் வெளிப்படையான, தனிப்பட்ட அனுமதியின்றி எவரும் பேயோட்டக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1172. பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என 1614-ஆம் ஆண்டின் பழைய சடங்குநூலே குருவை எச்சரித்தது. 1999-ல் வந்த புதிய நூல் மருத்துவம், மனநலம் அறிந்தவர்களையும் கலந்துகொள்ளச் சொல்கிறது.

முடிவைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. கராஸ் தீய ஆவியைத் தன்மேல் வரும்படி அழைத்து, சன்னல் வழியே விழுந்து உயிரை விடுகிறார். “பேய்தானே ஜெயித்தது?” என்றார்கள் பலர். கத்தோலிக்கரான பிளாட்டிக்கு இது பெரும் மனக்குறை. நாம் நம்மையே வெறுத்து, கடவுள் நம்மை அன்பு செய்ய முடியாது என்று நம்புவதே தீயவனின் நோக்கம் என இரண்டு குருக்களும் மாடிப்படியில் பேசிக்கொள்ளும் காட்சி முதலில் வெட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டு மறுவெளியீட்டில்தான் அது சேர்ந்தது. நம் பார்வையில் படத்தின் உயிரே அந்தக் காட்சிதான்.

படம் வந்த மூன்றாம் ஆண்டில் ஜெர்மனியில் நடந்தது கதையன்று. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த அன்னலீஸ் மிக்கேல் என்ற பெண்ணுக்கு, ஆயரின் அனுமதியோடே 67 முறை பேயோட்டினார்கள். மருத்துவம் நின்றுபோனது, உணவும் நின்றது. 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், பட்டினியால் மெலிந்து இறந்தாள். இரண்டு குருக்களும் பெற்றோரும் 1978-ல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அனுமதி இருந்தது, மருத்துவர்தான் இல்லை.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியா? கல்வராயன் மலையிலும் சரி, கீழே கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலும் சரி, பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும், பிரசவித்த பெண் சம்பந்தமில்லாமல் பேசினாலும், “காத்து கருப்பு பட்டுவிட்டது” என்பதுதான் முதல் முடிவு. உடனே வேப்பிலை, தாயத்து, உடுக்கை. நம்மவர்கள் தாயத்துக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை அந்தோணியாரிடம் போகிறோம், புளியம்பட்டிவரைக்கும் பயணப்படுகிறோம். அந்தோணியாரிடம் போவதில் தவறில்லை. வீட்டிலிருக்கும் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதுதான் ஆபத்து. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும், உயிருக்கே கேடாகலாம். இயேசு குணமாக்கியவர்களைச் சொல்லும்போது மத்தேயு (4:24) பேய் பிடித்தவர்களை வேறாகவும் மற்ற நோயாளர்களை வேறாகவும் எண்ணுகிறார்.

படத்து ரீகனின் தாய்க்கு அலைய மருத்துவமனைகள் இருந்தன. மலையிலிருந்து இறங்கிவரும் நம் தாய்க்கும் 2022 முதல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செபம் கேட்டு வருகிற எவரையும் நாம் திருப்பி அனுப்புவதில்லை. வரும்போது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கையோடு எடுத்துவாருங்கள். சீட்டு இல்லாதவர்களோடு செபித்து முடித்ததும், அங்கே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று நாமே சொல்லி அனுப்புகிறோம்.