மெய்ப்பில் மறையும் புள்ளிகள்

சிவகாசி அச்சகம் ஒன்றில் நாள்காட்டிக்கோ திருமண அழைப்பிதழுக்கோ பணி கொடுத்தவர், மெய்ப்புப் பார்க்க இப்போது அங்கே போக வேண்டியதில்லை. மெய்ப்பு அவரது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அவர் 'சரி' என்று சொல்லிவிட்டால் ஆயிரக்கணக்கில் அச்சாகிவிடும். பிறகு பிழை கண்டால், இழப்பை யார் ஏற்பது என்ற வழக்கு அந்த ஒரு சொல்லில்தான் வந்து நிற்கும். ஆகவே, மெய்ப்புக் கோப்பைச் சுருக்கும் முறை கணினி இயக்குபவரின் கவலை மட்டுமன்று.

அச்சுப் படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான அளவு. ஏ4 பக்கம் முழுவதும் நிறையும் படத்தில் இந்தக் கணக்குப்படி சுமார் 87 லட்சம் புள்ளிகள் இருக்கும். நான்கு வண்ண அச்சில் புள்ளிக்கு நான்கு பைட் என்றால், சுருக்காத நிலையில் ஒரு பக்கமே ஏறத்தாழ 35 மெகாபைட். பன்னிரண்டு தாள் நாள்காட்டி 400 மெகாபைட்டைத் தாண்டும். ஜிமெயிலில் இணைக்க முடிவதோ 25 மெகாபைட்தான்.

அவசரத்தில் பலர், பக்கத்தை அப்படியே ஜேபெக் படமாக்கி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுகின்றனர். ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழித்துவிடுகிறது. மலைக்கும் முகத்துக்கும் இது பொருந்தும். கூர்விளிம்பு கொண்ட எழுத்துக்குப் பொருந்தாது. போதாக்குறைக்கு, படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் மேலும் ஒருமுறை சுருக்குகிறது. சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகிறது; இகரக் கொக்கியும் ஈகாரச் சுழியும் ஒன்றுபோலத் தெரிகின்றன; தொலைபேசி எண்ணில் 6 எது, 8 எது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. மெய்ப்புத் திருத்துபவர் தேடுவதே இவற்றைத்தானே!

படத்தைச் சுருக்க வேண்டும். எழுத்தைத் தொடக் கூடாது. வடிவமைப்பு மென்பொருளிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் எடுத்தால் எழுத்துகள் கோட்டுருவங்களாகவே நிற்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. இடமும் அதிகம் கேட்காது. படங்களை மட்டும் 300-லிருந்து 150-ஆகக் குறைத்தால் நீளம், அகலம் இரண்டும் பாதியாகி, அளவு நான்கில் ஒரு பங்காகும். அதன்மேல் மிதமான ஜேபெக் சுருக்கமும் சேர்ந்தால், பெரும்பாலும் பன்னிரண்டு தாளும் ஒரே மின்னஞ்சலில் அடங்கிவிடும். வாட்ஸ்ஆப்தான் வசதி என்றால், பிடிஎஃப்பை ஆவணமாக அனுப்பலாம். எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிக்க மறக்கக் கூடாது. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் வேலை செய்யும் அச்சகங்கள் இன்னும் உண்டு. பொதிக்காவிட்டால், வாடிக்கையாளரின் திரையில் மணமக்களின் பெயர் ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரியலாம்.

வண்ணத்துக்கு மட்டும் திரையை நம்ப முடியாது. ஒளியில் தெரியும் வண்ணம் வேறு, தாளில் மை தரும் வண்ணம் வேறு. எனவே, 'எழுத்தும் அமைப்பும் பார்க்க மட்டும்' என்று மெய்ப்பிலேயே எழுதிவிடுவது நல்லது. கோப்பின் பெயரிலும் 'மெய்ப்பு' என்று இருக்கட்டும். இல்லையேல், சுருக்கிய இந்தக் கோப்பே தவறுதலாகத் தகடு எடுக்கப் போய்விடக்கூடும்.